தேரூருக்கு முன் ஒரு பூங்கா: நாகர்கோவிலில் பறவைகளைப் படமெடுக்கப் பழகிய அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பறவைகளைப் படமெடுக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும், தேரூருக்குப் போங்கள், சுசீந்திரம் குளத்துக்குப் போங்கள், மணக்குடிக் காயலுக்குப் போங்கள் என்றுதான் வழி சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பிழையில்லை. சுசீந்திரம்–தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநில வளாகமும் 2022ஆம் ஆண்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் நீலத் தாழைக்கோழியும் அங்கே கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. ஆனால் கண்ணுக்கு எட்டுவது வேறு, லென்ஸுக்கு எட்டுவது வேறு. 300 மில்லிமீட்டர் லென்ஸை வாங்கிய கையோடு, கேமராவின் பொத்தான்களே விரலுக்குப் பழகாத நிலையில் குளக்கரையில் போய் நிற்பவருக்கு, விரிந்த நீர்ப்பரப்பின் நடுவே சில வெள்ளைப் புள்ளிகளும் சில கறுப்புப் புள்ளிகளும்தான் படமாகக் கிடைக்கும். அதன் பிறகு, இன்னும் பெரிய லென்ஸ் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார்.

நான் பழகிய இடம் நாகர்கோவில் நகருக்குள் இருக்கும் பூங்கா. பேருந்துகளின் ஒலிப்பான் சத்தம் ஓயாத இடம். காலையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்களும் மாலையில் குழந்தைகளும் நிறைந்திருக்கும் இடம். பணிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் அங்கே செலவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அங்கிருக்கும் பறவைகள் எவையும் அரியவை அல்ல. காகம், மைனா, கரிச்சான், கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, குக்குறுவான், பச்சைக்கிளி, செம்போத்து, வெண்தொண்டை மீன்கொத்தி என்று நம் வீட்டுத் தோட்டங்களில் காண்பவைதாம் பெரும்பாலும். ஆனால் பழகுபவருக்கு வேண்டியது அரிய பறவை அன்று. அருகில் இருப்பதும், நாளையும் அதே இடத்துக்கு வருவதுமான பறவைதான் வேண்டும். இந்த இரண்டும் காட்டிலோ குளத்திலோ எளிதில் சேர்ந்து அமைவதில்லை, பூங்காவில் அமைகின்றன.

பூங்காப் பறவைகள் மனிதரைப் பொறுத்துக்கொள்ளும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சீரான வேகத்தில் நடந்துகொண்டே இருப்பவரை அவை பொருட்படுத்துவதில்லை. மூன்று அடி தொலைவில் ஆள் கடந்து போனாலும் மைனா புல்லைக் கொத்திக்கொண்டே இருக்கும். அதே ஆள் சட்டென்று நின்று, தன்னையே உற்றுப் பார்த்து, முகத்தருகே ஏதோ ஒன்றைத் தூக்கினால் அந்த நொடியே பறந்துவிடும். எனவே பறவையைக் கண்டதும் நிற்கக் கூடாது. கடந்து போய், சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துவிட வேண்டும். கேமராவை முன்கூட்டியே மார்பளவுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டால், அதன் பிறகு கண்ணருகே கொண்டுபோகும் அசைவு சிறியதாகிவிடும். சில நிமிடங்களில் பறவை நம்மை மறந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். அப்போது எடுக்கும் படத்தில்தான் அது இயல்பாக இருக்கும். அதற்கு முன் எடுப்பவற்றில் கழுத்தை நீட்டி நம்மைக் கண்காணித்துக்கொண்டிருக்கும். தரையில் மேயும் பறவைக்கு பெஞ்சில் உட்காருவதைவிடத் தரையிலேயே உட்காருவது நல்லது. பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கும்போது பின்னணிப் புல்வெளி தொலைவுக்குப் போய் மங்கிவிடுகிறது, பறவை தனித்துத் தெரிகிறது. இதற்குப் பழைய வேட்டி ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டால் போதும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, நம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நாம் ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். இங்கே சூரியன் சாய்வாக ஏறுவதில்லை, நேராக மேலே ஏறுகிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உதித்து ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 15 பாகையும், இரண்டு மணி நேரத்தில் 30 பாகையும் உயர்ந்துவிடும். உயர்ந்த அட்சரேகை நாடுகளின் புகைப்படக்காரர்கள் சொல்லும் நீண்ட பொன்னிறப் பொழுது நமக்கு வாய்க்காது. மே மாத இறுதியில் ஏறத்தாழ 6 மணிக்கும், ஜனவரி இறுதியில் 6.40 மணி வாக்கிலும் இங்கே சூரியன் உதிக்கிறது. பூங்காவைச் சுற்றியுள்ள கட்டடங்களைத் தாண்டி வெயில் மரக்கிளைகளை எட்டுவதற்கு இன்னும் சற்று நேரம் பிடிக்கும். அதன் பிறகு எட்டேகால், எட்டரை வரைதான் நல்ல வெளிச்சம். அதற்கு மேல் பறவையின் முதுகு வெளுத்து, வயிறும் கண்ணும் நிழலில் ஆழ்ந்துவிடும். ஆகவே முதல் வெயில் எந்த மரத்தின் எந்தக் கிளையில் விழுகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது, பறவையின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வதற்கு இணையான அறிவு. செம்மார்புக் குக்குறுவான் அதைத்தான் முதலில் கற்றுத்தந்தது. இலையற்ற உச்சிக் கொம்பில் வெயில் பட்டவுடன் அது வந்து அமர்ந்து, சம இடைவெளியில் தட்டுவதுபோலக் குரலெழுப்பிக்கொண்டிருக்கும். காலையில் வெயில் காய்வது அதற்கு வழக்கமானதால், கொம்பு தெரிந்துவிட்டால் பறவையைத் தேட வேண்டியதில்லை.

காற்றும் கணக்கில் வரும். இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததன்று. ஆடி மாதத்தில் எடுத்த படங்களையும் மார்கழியில் எடுத்த படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது பிடிபட்டது. கிளையில் அமரும் பறவை பெரும்பாலும் காற்று வரும் திசையை நோக்கியே அமர்கிறது. பின்புறமிருந்து காற்று வந்தால் அதன் இறகுகள் கலைந்துவிடும். பறக்கத் தொடங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, மேற்கிலிருந்து வீசுகிறது. அப்போது காலை வெயில் கிழக்கிலிருந்து வர, பறவையோ மேற்கு நோக்கி அமர்ந்திருக்கும். அதன் முகம் இருண்டு முதுகில் மட்டும் வெளிச்சம் விழும். அந்த மாதங்களில் மாலையில் போவதுதான் பயன் தரும். வடகிழக்குப் பருவம் முடிந்து, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று வரும்போது, காலையிலேயே பறவை வெயிலைப் பார்த்து அமர்கிறது. கண்ணில் ஒளிப்புள்ளி விழுகிறது. ஆடிக்காற்றில் கிளையே ஆடுவதால் ஷட்டர் வேகத்தையும் கூட்டியாக வேண்டும், அதாவது ஒளி உள்ளே விழும் நேரத்தைக் குறைத்தாக வேண்டும் என்பது தனி.

கேமரா அமைப்பைப் பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். என் வழக்கத்தைச் சொல்கிறேன். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்து, அதாவது எஃப் 5.6 அல்லது 6.3இல் வைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை நானே தேர்ந்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியாக விட்டுவிடுகிறேன். 300 மில்லிமீட்டர் லென்ஸைச் சிறு சென்சார் கேமராவில் பொருத்தினால், பார்வைக்கோணம் 450 மில்லிமீட்டருக்கு இணையாகிறது. கை நடுக்கம் தெரியாமல் இருக்க 1/500 நொடியாவது வேண்டும். ஆனால் அது நம் கையசைவுக்கு மட்டுமே போதும், பறவையின் அசைவுக்குப் போதாது. கிளையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பறவைகூடத் தலையை வெட்டி வெட்டித் திருப்பும். எனவே 1/1000 நொடிக்குக் குறையாமலும், பறப்பதை எடுக்க 1/2000 நொடிக்கு மேலும் வைக்கிறேன். வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ. 3200க்கு ஏறுவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. புள்ளிப்புள்ளியாக வரும் படத்தை மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம்; அசைந்துபோன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வெளிச்ச அளவீட்டுக்குக் காகத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. எங்கும் கிடைக்கும், நம்மைக் கண்டு ஓடாது, கறுப்பு. சட்டகம் முழுவதையும் காகம் நிறைத்தால், கேமரா அதன் கறுப்பைச் சாம்பல் நிறமாக வெளுக்கப் பார்க்கும். அதே காகம் வெளிறிய வானத்தைப் பின்னணியாகக் கொண்டு உச்சிக்கிளையில் இருந்தால், கேமரா வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, காகத்தை வெறும் நிழலுருவாக்கிவிடும். முதல் நிலையில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவைச் சற்றுக் குறைக்கவும், இரண்டாம் நிலையில் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இருமடங்காகும், குறைத்தால் பாதியாகும்) கூட்டவும் விரல் தானாக நகர வேண்டும். கொக்குக்கு இந்தக் கணக்கு மாறும். இருண்ட பச்சைப் பின்னணியில் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கேமரா அளவுக்கு மீறி வெளுத்துவிடும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்தால்தான் இறகின் வரிகள் மிஞ்சும். இதைக் காகத்திடமும் மடையானிடமும் பழகாமல் நேரே குளத்துக்குப் போனால், நாரை பறக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருப்போம்.

கரிச்சான் இன்னொரு வகையில் உதவுகிறது. பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்துவிட்டுப் பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே அது திரும்பி வரும். பச்சைப் பஞ்சுருட்டானும் அப்படியே. பறந்து போகும் பறவையின் பின்னால் லென்ஸைத் திருப்பிக்கொண்டு அலைவதை விட்டு, அந்தக் கொம்பிலேயே ஃபோகஸை நிறுத்திக் காத்திருந்தால், இறக்கை விரித்து இறங்கும் காட்சி கிடைக்கும். இதற்கும் காற்றுக் கணக்கு பொருந்தும்: இறங்குவதும் காற்றை எதிர்த்தே என்பதால், எந்தப் பக்கம் நின்றால் அதன் முகம் தெரியும் என்பதை முன்பே முடிவு செய்யலாம். வெண்தொண்டை மீன்கொத்தி பாய்வதற்கு முன் தலையை மேலும் கீழும் ஆட்டும். மைனாவும் கொக்கும் கிளம்பும் முன் உடலைத் தாழ்த்தும். எச்சமிட்டு உடலை இலகுவாக்கிக்கொள்வதும் உண்டு. இந்த அறிகுறிகளைக் கண்டதும் ஷட்டரை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும், பறந்த பின் அழுத்தினால் வாலின் நுனிதான் மிஞ்சும்.

ஊதாத் தேன்சிட்டின் ஆணைப் படமெடுப்பதில் பலர் சலித்துப்போவதைக் கண்டிருக்கிறேன். கண்ணுக்கு நீலமும் ஊதாவுமாக மின்னும் பறவை, படத்தில் கரிக்கட்டையாக வருகிறது. அந்த நிறம் சாயத்தால் வருவதன்று, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் உண்டாவது. குறிப்பிட்ட கோணத்தில் மட்டுமே தெரியும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பறவையும் தலையைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். தொடர்ச்சியாகப் பல படங்களை எடுத்தால் அவற்றில் ஒன்றிரண்டில் மட்டும் நிறம் தெறித்து நிற்கும். தேன்சிட்டு ஒரே பூங்கொத்துக்கு மீண்டும் மீண்டும் வரும் என்பதால், பறவையைப் பின்தொடராமல் நல்ல வெளிச்சத்தில் இருக்கும் பூங்கொத்தைத் தேர்ந்து அதன் எதிரில் உட்காருவதே வழி.

பின்னணிதான் நகரப் பூங்காவின் பெரிய குறை. மின்கம்பி, குப்பைத்தொட்டி, மஞ்சள் வண்ணம் அடித்த சுவர், சறுக்குமரம் எல்லாம் சட்டகத்துக்குள் நுழையும். பறவை நமக்கு அருகிலும் பின்னணி அதற்கு வெகு தொலைவிலும் இருந்தால் இவை எல்லாம் கரைந்துபோகும். இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தாலே சுவருக்குப் பதில் மரநிழல் பின்னணியாகிவிடும். முதலில் பின்னணியைத் தேர்ந்துகொண்டு பிறகு பறவைக்குக் காத்திருப்பது என்ற முறைக்கு நான் வந்தது இந்தக் குறையால்தான். மாறாக, சில வேளைகளில் நகரத்தை மறைக்காமல் விடுவதும் நன்றாகவே இருக்கும். பூங்காவின் இரும்புக் கிராதியில் வரிசையாக அமர்ந்த தவிட்டுக்குருவிகளின் படம், காட்டுக்கிளையில் எடுத்ததாகப் பாவனை செய்யும் படத்தைவிட எனக்குப் பிடித்தமானது.

பூங்காவில் பறவைகளோடு மனிதர்களும் இருக்கிறார்கள். நீண்ட லென்ஸோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், தங்களைப் படமெடுக்கிறாரோ என்று நடைப்பயிற்சிக்கு வரும் பெண்களுக்கும் குழந்தைகளோடு வந்தவர்களுக்கும் ஐயம் எழுவது நியாயம். குழந்தைகள் விளையாடும் பக்கம் லென்ஸைத் திருப்பாமல் இருப்பதும், யாராவது உற்றுப் பார்த்தால் நாமே அழைத்துத் திரையில் பறவையைக் காட்டிவிடுவதும் நல்லது. அப்படிப் பார்த்தவர்கள் பிறகு துப்புச் சொல்பவர்களாகிவிடுகிறார்கள். குக்குறுவானுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தோட்ட வேலை செய்யும் பெரியவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு அருகில் வந்தார்.

“மக்களே, மேல கொப்புல நோக்காத. கீழ அந்தப் பொந்துக்க வாய்ல பாரு. வெயில் வந்தா ரெண்டும் வெளிய வந்து இருக்கும்.”

பட்டுப்போன கிளையின் பொந்தருகே இரண்டு புள்ளி ஆந்தைகள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

“எப்பவும் இங்கதான் இருக்குமா அண்ணாச்சி?”

“பின்ன? பட்ட கொப்புன்னு வெட்ட வந்தாவ. நான்தான் விட்டுருங்கன்னு சொன்னேன்.”

பட்டுப்போன மரக்கிளை பொந்தில் வாழும் பறவைகளுக்கு வீடு. குக்குறுவானும் மரங்கொத்தியும் மென்மையான பட்ட மரத்தைக் குடைந்தே கூடமைக்கின்றன. அவை விட்டுச்சென்ற பொந்துகளில் மைனாவும் கிளியும் ஆந்தையும் குடியேறுகின்றன. அழகுக்காக எல்லாப் பட்ட கிளைகளையும் வெட்டி எடுத்துவிடும் பூங்காவில் இவற்றைப் பார்ப்பது கடினம். புள்ளி ஆந்தை நம்மைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று கொண்டு பின்வாங்கிவிட வேண்டும். அதைப் பகலில் பறக்கவைத்தால், மைனாவும் கரிச்சானும் காகமும் சேர்ந்து துரத்தும். அந்தக் கூச்சலைக் கேட்டு ஆந்தை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது வேறு செய்தி. ஃபிளாஷ் ஆந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைப்பவர்களை இப்போது நகருக்குள்ளும் பார்க்கிறேன். தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை புகுந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதையும் குஞ்சுக்கு ஊட்டுவதையும் விட்டுவிட்டு அது சண்டைக்கு வருகிறது. நாம் அதை ஆர்வம் என்று எண்ணிப் படமெடுக்கிறோம். கூட்டைப் படமெடுப்பதற்காக இலைகளை ஒதுக்கிவிடுவது இதைவிட மோசம். ஒதுக்கிய இலை நமக்கு மட்டும் வழி திறப்பதில்லை, காகத்துக்கும் வால்காக்கைக்கும் திறக்கிறது. கூடு கண்ணில் பட்டால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மூலையைத் தவிர்த்துவிடுகிறேன். படத்தைப் பகிரும்போது இடத்தைக் குறிப்பிடுவதும் இல்லை.

ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைப் பறவைகளின் காலம். மாங்குயில், பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான், புதருக்குள்ளிருந்து ‘டக் டக்’ என்று ஒலிக்கும் கதிர்க்குருவி ஆகியவை நகரத்து மரங்களுக்கும் வருகின்றன. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும் ஆறுமணிக்குருவிக்கு நிழலும் சருகும் வேண்டும். கூட்டிப் பெருக்கித் துப்புரவாக வைத்த பூங்காவைவிட, புலியூர்க்குறிச்சியில் வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கும் உதயகிரிக் கோட்டை போன்ற, மரமடர்ந்த இடங்கள் அதற்கு ஏற்றவை. நிழலில் எடுக்கப் பழகுவதற்கும் அந்தக் கோட்டை நல்ல இடம். திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையைப் பார்க்க வருபவர்கள் ஒரு பக்கம் போக, மறு பக்கம் சருகின் சலசலப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அங்கே 1/250 நொடிக்கு இறங்க வேண்டியிருக்கும். கேமராவைப் பையின் மேலோ கல்லின் மேலோ சாய்த்து வைத்து, பறவை அசையாமல் நிற்கும் கணத்தில் மட்டும் அழுத்த வேண்டும்.

இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது என்பதால், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது இங்கே பொதுவான தொல்லை. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, கேமராவையும் லென்ஸையும் அதில் வைப்பது செலவில்லாத வழி. ஜெல் ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறியதும் வறுத்துக்கொள்ளலாம். தோல் பைக்குள் பூட்டி அலமாரியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு அழைப்பு. மழை மேகம் மூடிய காலைகளைத் தவறவிட வேண்டாம். அன்றைக்கு நிழல் விழாத மென்மையான வெளிச்சம் நாள் முழுவதும் கிடைக்கும். கொண்டைக்குருவியின் செம்மீசையும் கிளியின் பச்சையும் அப்போதுதான் உண்மை நிறத்தில் பதியும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களைக் கணினியில் பெரிதாக்கி, கண் கூர்மையாக இல்லாதவற்றை அன்றே அழித்துவிடுகிறேன். எஞ்சியவற்றோடு தேதி, நேரம், காற்றின் திசை, பறவை செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பேன். அழகில்லாத படங்களையும் இதற்காகச் சில வேளைகளில் வைத்துக்கொள்வதுண்டு, ஏனென்றால் இனத்தை உறுதிசெய்ய மங்கலான படமும் உதவும். 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ‘இபேர்டு’ தளத்தில் பட்டியலிடும்போது, நகரப் பூங்காவின் காகத்துக்கும் மைனாவுக்கும் தேரூரின் கூழைக்கடாவுக்கு இருக்கும் அதே இடம் உண்டு. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் ஒரு பட்டியல் ஆகிவிடும்.

இப்போது குளங்களுக்கும் போகிறேன். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையோரத்துச் சுசீந்திரம் குளத்தில் வண்டியை நிறுத்தியதும், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். அதிலிருந்து நிற்க வேண்டிய கரை தெரிந்துவிடுகிறது. மிதக்கும் இலைகள் மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழிக்குக் கரையில் தாழ்ந்து உட்கார வேண்டும். மணக்குடியிலும் புத்தளம் உப்பளத்திலும் உப்புக்காற்று லென்ஸின் முன்கண்ணாடியில் படிவதால், திரும்பியதும் ஊதுபந்தால் ஊதிவிட்டு, ஈரத்துணியால் லேசாக ஒற்றித் துடைக்க வேண்டும். இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒன்பது மணிக்கு மேல் நீர்ப்பரப்புக்கு மேலே வெப்பக்காற்று அலையத் தொடங்கிவிடும். தொலைவிலுள்ள பறவை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் அப்போது கூர்மையாக வராது. அந்த நேரத்தில் கேமராவை உறையில் இட்டுவிட்டு, இருநோக்கியை எடுத்து மீசை ஆலாக்களை எண்ணத் தொடங்கிவிடலாம்.